பூங்காவுக்கு மேக்க

எங்கள் நகரில் மனை வாங்கிய எல்லோரும் அருவியைத்தான் வாங்கினோம். பத்திரத்தில் அப்படி எழுதியிருக்காது. மனை விற்க வந்தவர் எங்களைப் பொட்டலில் வெயிலில் நிறுத்தி, தூரத்து மலையில் வெள்ளையாகத் தொங்கியதைக் கையால் காட்டி, முன்னால் பூராவும் வயக்காடு, இதை ஒருவனும் மறைக்க முடியாது என்று சொன்னார். நாங்கள் நம்பினோம். நாங்கள் நின்றுகொண்டிருந்த இடமும் கொஞ்ச காலம் முன்புவரை வயக்காடுதான் என்பது அன்றைக்கு ஒருவருக்கும் உறைக்கவில்லை.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், இலஞ்சிப் பக்கமாகப் பிரிகிற சாலையை ஒட்டி எங்கள் நகர் இருக்கிறது. நகர் என்றால் நாலைந்து தெருக்கள், நடுவில் ஒரு பூங்கா. பூங்கா என்றால் 'பூங்கா' என்று எழுதிய ஒரு பலகை, ஒரு வேப்பமரம், பலகை இல்லாத ஊஞ்சல் ஒன்று. தென்காசி மாவட்டத் தலைநகரம் ஆனதும் மனை விலை ஏறியது. விலை ஏறியதும் எங்களுக்கு இயற்கையின் மேல் பற்றும் ஏறியது.

அருவி தெரிய வேண்டும் என்பதால் எல்லோரும் ஒரே மாதிரி வீடு கட்டினோம். கீழே கார் நிறுத்த இடம், ஹால், அடுப்படி. படுக்கையறையும் நல்ல குளியலறையும் மாடியில். படுத்துக்கொண்டே அருவி பார்க்க வேண்டுமாம். முதல் வருஷ சீசனில் பார்த்தோம். அதற்கப்புறம் சாரல் அடித்து மெத்தை நனைகிறது என்று அந்த ஜன்னலை அடைத்தவர்கள்தான் அதிகம். எங்கள் வீட்டு ஜன்னலின் கொண்டி துருப்பிடித்துப் போய், இப்போது திறக்க வேண்டும் என்றால் ஆசாரியைக் கூப்பிட வேண்டும். ஆனாலும் அந்த ஜன்னலுக்கு முன்னால் இன்னொருவன் செங்கல் அடுக்குவதை எங்களால் பொறுத்துக்கொள்ள முடியாது.

அப்படித்தான் சங்கம் வந்தது. குடியிருப்போர் நலச் சங்கம் என்று பெயர்ப் பலகை. நலம் என்பது, அடுத்தவர் கட்டாமல் பார்த்துக்கொள்வது. தலைவர் போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் தலைவர் அண்ணாச்சி. நான் இணைச் செயலாளர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து, அடுத்தவர் பேச்சைக் கேட்டே சம்பளம் வாங்கியவள் என்பதாலோ, பெண்களுக்கும் ஒரு பதவி கொடுத்ததாக இருக்கட்டும் என்பதாலோ என்னைப் போட்டார்கள். பதவியில் என் வேலை, கூட்டத்துக்கு வடையும் காப்பியும் வந்துவிட்டதா என்று பார்ப்பது.

அண்ணாச்சிக்குக் கட்டட விண்ணப்பம் ஒவ்வொன்றும் ஒரு கேஸ். முன்பெல்லாம் வாரம் தவறாமல் நகரமைப்பு அலுவலகத்துக்குப் போய் யார் யார் பிளான் போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்து வருவார். எல்லாம் இணையத்துக்கு வந்த பிறகு காலையில் காப்பி குடித்துக்கொண்டே செல்போனில் பார்த்து, சங்கத்தின் வாட்ஸ்அப்பில் போடுவார். சாயங்காலம் தெருத் தெருவாக ரோந்து. எங்கேயாவது மணல் இறங்கியிருந்தால் போதும், அந்த வீட்டு மணியை அடித்து, என்ன கட்டுதிய என்று கேட்பார். ஒரு வீட்டில் துளசி மாடத்துக்கு வாங்கிப் போட்ட செங்கலைக் கண்டு, அதற்குப் பிளான் இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். அந்த வீட்டம்மா பயந்துபோய், துளசியைப் பழைய பெயின்ட் வாளியிலேயே வைத்துவிட்டாள். இன்றைக்கும் வாளியைத்தான் சுற்றி வருகிறாள்.

எதிர்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையே அவளுடையதுதான். அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்தவர். தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே காலமெல்லாம் நின்றுகொண்டே பயணம் செய்த மனிதர். நானே அவர் பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். சத்தம் போட மாட்டார். தாழ்ந்த குரலில், கொஞ்சம் உள்ளே தள்ளி நில்லுங்க, எடம் இருக்கு என்பார். இடம் இருக்காது. ஆனால் அவர் சொன்னால் எல்லோரும் நகர்வோம், இடமும் வந்துவிடும்.

அந்த மனிதரைப் பக்கவாதம் தள்ளிவிட்டது. வலது கையும் காலும் போயின. பேச்சு மெதுவாகத் திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தால், வீட்டில் வைக்க இடம் இல்லை. படுக்கையறை மாடியில், மாடிப்படியோ செங்குத்து. கீழே இருக்கிற கக்கூஸ் வாசலில் சக்கர நாற்காலி நுழையாது. அதனால் சுந்தரபாண்டியபுரத்தில் அவருடைய தம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது பழைய மாடல் வீடு, எல்லாம் தரையில். அக்கா தினமும் காலையில் பஸ் ஏறிப் போய், அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, சாயங்காலம் திரும்பி வருவாள். தம்பி வீட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தம்பி வீட்டில் இருக்கிறோம் என்பதே அவருக்குக் குறை. சூரியகாந்தி பூக்கிற காலத்தில் அங்கே படம் எடுக்க வருகிற கூட்டம் அவரிடம் வந்து வழி கேட்குமாம். இடது கையால் காட்டுவாராம். சாயங்காலம் அக்கா கிளம்பும்போது அவர் கேட்பது ஒன்றே ஒன்று. "எப்ப வண்டி எடுக்க?"

அவரை வீட்டுக்குக் கூட்டி வருவதற்காக அக்கா ஒரு காரியம் செய்தாள். வீட்டின் பக்கவாட்டில் கீழேயே ஓர் அறையும், அகல வாசல் வைத்த குளியலறையும் கட்டப் பிளான் போட்டாள். எங்கள் நகரிலேயே வீட்டைச் சுற்றி முறையாக இடம் விட்டிருந்தது அவர்கள் மட்டும்தான். வாழையும் முருங்கையும் வைப்பதற்காக அவர் விட்ட இடம் அது. மற்றவர்கள் எல்லாம் அந்த இடத்தில் ஷெட் போட்டோம், படி கட்டினோம், வாடகைக்கு அறை இறக்கினோம். ஒருவரும் அனுமதி கேட்கவில்லை, ஒருவரையும் யாரும் ஒன்றும் செய்யவில்லை. அக்கா மட்டும் முறைப்படி விண்ணப்பித்தாள். அனுமதி கேட்டது ஒன்றுதான் அவள் செய்த தப்பு.

அதே சமயத்தில்தான் லாட்ஜ் பிளானும் வந்தது. பூங்காவுக்கு அடுத்து, மலைப் பக்கமாகக் காலியாகக் கிடந்த பெரிய மனையைக் கடையநல்லூர்க்காரர் ஒருவர் வாங்கியிருந்தார். வளைகுடாவில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்தவர். குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்களுக்காக, மாடி மேல் மாடியாக லாட்ஜ் கட்டப் போகிறார் என்று தெரிந்ததும் எங்கள் வாட்ஸ்அப் அன்று முழுவதும் ஓயவில்லை. அருவி போச்சு, சாரல் போச்சு, நம்ம நகர் போச்சு என்று ஆளாளுக்கு எழுதினார்கள். ஜன்னலைத் திறந்து வருஷக் கணக்காகிறவர்கள்தான் அதிகமாக எழுதினார்கள்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் மேக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு மேக்க என்பது திசை இல்லை, மலை. பிறந்ததிலிருந்து மலை மேக்க இருக்கிறது, காற்று மேக்க இருந்து வருகிறது, சாரல் மேக்க இருந்து அடிக்கிறது. மேக்க கறுத்துட்டு என்று ஒரு குரல் கேட்டால் காயப்போட்ட துணியை எடுக்க ஓட வேண்டும். பஸ்ஸில் கொஞ்சம் மேக்க தள்ளி உட்காரச் சொன்னால் மலைப் பக்கத்து ஜன்னலை நோக்கி நகர வேண்டும். ஆனால் எங்கள் நகர் இருக்கிற இடத்தில் மலை வளைந்து வருகிறது. அருவி விழுகிற மலை எங்களுக்கு நேர் தெற்கே நிற்கிறது. வாஸ்து பார்க்க வந்தவர் திசைகாட்டியைத் தரையில் வைத்து இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னபடி அடுப்பைத் தென்கிழக்கில் வைத்தோம், சாமியை வடகிழக்கில் வைத்தோம். வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, மலையைப் பார்த்து மேக்க என்றே சொன்னோம். வீட்டுக்குள் ஒரு மேற்கு, வாசலில் ஒரு மேக்க. சூரியன் மறைகிற பக்கத்தைப் பார்த்தாலே தெரியாதா என்று சென்னையில் வளர்ந்த என் மருமகள் கேட்டாள். சூரியன் மறைவதை இங்கே யார் பார்த்தார்கள்? சாயங்காலத்தில் எல்லோரும் மலையையல்லவா பார்த்துக்கொண்டிருப்போம்.

ஆட்சேபணை மனுவை அண்ணாச்சியே எழுதினார். சர்வீஸில் எத்தனை மகஜர் எழுதியிருப்பேன் என்று மற்றவர்களைப் பேனாவைத் தொடவிடவில்லை. லாட்ஜ்காரர் பெயரைப் போட வேண்டாம், மானநஷ்ட வழக்குப் போட்டுவிடுவான் என்றார். சர்வே எண்ணும் வேண்டாம், நகர் முழுவதும் ஒரே பழைய எண்ணில் கிடக்கிறது, உட்பிரிவைத் தப்பாகப் போட்டால் அதைச் சாக்காக வைத்தே தள்ளிவிடுவார்கள் என்றார். இடத்தைச் சொன்னால் போதும், திசையை யாரும் மாற்ற முடியாது என்றார். கடைசியில் மனுவில் நின்றது இதுதான்: மேற்படி நகரில் மேற்படி பூங்காவுக்கு மேற்கே உள்ள மனையில் கட்ட உத்தேசித்துள்ள கட்டடத்துக்கு அனுமதி வழங்கக் கூடாது. மேற்படி நகரில் உள்ள மற்ற வீடுகள் அனைத்தும் விதிகளுக்கு முழுமையாக உட்பட்டுக் கட்டப்பட்டவை. மேற்படி ஒரு கட்டடத்தால் மட்டுமே காற்றும் சாரலும் தடைபட்டுப் பொதுமக்கள் அவதிப்பட நேரும்.

மனுவை வாசித்துக் காட்டியபோது எல்லோரும் கை தட்டினோம். வீடுகள் எல்லாம் விதிப்படி கட்டியவை என்ற வரி வந்தபோது கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது. வாடகைக்கு அறை இறக்கியிருந்த ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

கையெழுத்து வாங்க அக்காவிடம் நான்தான் போனேன். அவள் சுந்தரபாண்டியபுரம் கிளம்புகிற அவசரத்தில், தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டே வாசித்தாள். பூங்காவுக்கு மேக்க என்ற இடத்தில் தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்தமா எழுதியிருக்கலாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அவள் வீட்டிலிருந்து பார்த்தால் லாட்ஜ் அருவியை மறைக்காது. எல்லோரும் போடுகிறார்கள், நாமும் போடுவோம் என்று போட்டாள். நானும் அப்படித்தான் போட்டேன்.

அதுவரை நாங்கள் கொடுத்த எந்த மனுவுக்கும் பதில் வந்ததில்லை. இதற்கு வந்தது. தங்கள் ஆட்சேபணையைப் பரிசீலித்து, பூங்காவுக்கு மேற்கே உள்ள மனைக்கான விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று இருந்தது. அண்ணாச்சி அதைப் பெரிதாகப் பிரதி எடுத்துப் பூங்காப் பலகையில் ஒட்டினார். வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டு, கேசரி கொடுத்தோம். மைக் வைத்து, ஒற்றுமை என்றால் இது என்று பேசினார்கள். அக்காவும் வந்திருந்தாள். வீட்டுக்காரருக்குக் கேசரி பிடிக்கும் என்று ஒரு பொட்டலம் கட்டி வாங்கிப் போனாள்.

அடுத்த வாரம் அக்காவுக்கும் தபால் வந்தது. ஆட்சேபணை வந்திருப்பதால் அவளுடைய விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று. யார் ஆட்சேபித்தது என்று அதில் இல்லை. என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். நம்மை யாருக்கு ஆகாது, முருங்கைக்காய் கொடுக்காத வீடு ஒன்றுகூட இல்லையே என்று கேட்டாள். எனக்கும் விளங்கவில்லை. லாட்ஜ்காரன்தான் பழி வாங்கியிருப்பான் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம்.

அன்றைக்கே லாட்ஜ் மனையில் ஜேசிபி வந்து பள்ளம் தோண்ட ஆரம்பித்தது. அண்ணாச்சி பழைய மிடுக்கோடு நடந்து போனார், நாங்கள் பின்னால் போனோம். லாட்ஜ்கார பாய் எழுந்து வணக்கம் சொல்லி, நிழலில் நாற்காலி போட்டார். செல்போனில் அனுமதி உத்தரவைக் காட்டினார்.

"அண்ணாச்சி, உங்க மனு எங்களுக்கு இல்ல. பூங்காவுக்கு மேக்க உள்ள வீட்டுக்குல்லா நிறுத்தி வச்சிருக்காவ. நாங்க தெக்க இருக்கோம்."

அண்ணாச்சி மலையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். மலை இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு, திரும்பக் கூடாத ஒரு பக்கம் திரும்புவதுபோல, ஒவ்வொருவராகத் திரும்பிப் பூங்காவுக்கு அந்தப் பக்கம் பார்த்தோம். அங்கே அக்காவின் வீடும், வாழையும், முருங்கையும் நின்றன.

அக்காவிடம் இதைச் சொல்கிற வேலையும் எனக்கு வந்தது. அவள் கோபப்படவில்லை. சங்க மனுவில் தான் வைத்திருந்த பிரதியை எடுத்து, தன் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஏட்டி, அவிய வரக் கூடாதுன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேனே" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அண்ணாச்சியும் நானும் நகரமைப்பு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி சின்ன வயதுப் பெண், வெளி மாவட்டத்துக்காரி. பொறுமையாகக் கேட்டாள். எங்கள் நகர் வரைபடத்தை விரித்து, லாட்ஜ் எங்கே என்று காட்டச் சொன்னாள். அண்ணாச்சி ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டே படத்தில் விரல் வைத்தார். "நீங்க காட்டுறது தெற்கு சார்" என்றாள். அண்ணாச்சி, இந்த ஊரில் மலை இருக்கிற பக்கம் மேக்கதான், நீங்கள் ஊருக்குப் புதுசு என்று விளக்கினார். அவள் சிரிக்கவில்லை என்பதற்காக இன்றைக்கும் எனக்கு அவள்மேல் மரியாதை உண்டு.

மனுவில் தவறு நேர்ந்துவிட்டது, ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றாள். எனக்கு மூச்சு வந்தது. அவள் மனுவை மறுபடி வாசித்துவிட்டு, பேனாவை ஒரு வரியில் வைத்தாள்.

"மேற்கு மட்டும்தான் தப்பா சார்? மத்த வீடெல்லாம் விதிப்படி கட்டினதுன்னு எழுதியிருக்கீங்க. மனுவில தப்பு இருக்குன்னு நீங்களே சொன்னா, நான் நேர்ல வந்து எல்லாத்தையும் பாத்துத்தான் அறிக்கை எழுத முடியும்."

அண்ணாச்சி எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். திரும்பி வருகிற வழியில் ஒரு சர்பத் கடையில் நிறுத்தி, எனக்கும் வாங்கிக் கொடுத்தார். அவர் யாருக்கும் எதுவும் வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

வாபஸ் மனுவைப் பற்றிப் பேசக் கூட்டம் கூடியது. அக்கா சுந்தரபாண்டியபுரத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்துக் கூட்டினார்கள். அதிகாரி நேரில் வருவார் என்று அண்ணாச்சி சொன்னார். ஒவ்வொருவரும் மனதுக்குள் தங்கள் வீட்டைச் சுற்றி வந்தார்கள். ஷெட், படி, வாடகை அறை, காம்பவுண்டைத் தாண்டித் தெருவில் இறங்கிய சாய்தளம். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி பாதி பக்கத்து மனையில் நிற்கிறது, அதை நானும் ஒரு தடவை சுற்றி வந்தேன். பிறகு ஒருவர், வாபஸ் வாங்க வேண்டியதுதான், ஆனால் ஆடி மாசம், இதில் எதையும் தொடங்க வேண்டாம் என்றார். எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது.

ஆடி கழிந்தது. ஆவணியில் கல்யாண வீடுகள், அண்ணாச்சிக்கு நேரம் இல்லை. புரட்டாசி பெருமாள் மாதம், அரசாங்கக் காரியம் கூடாதாம். ஐப்பசியில் அடைமழை. கார்த்திகையில் பாதிப் பேர் மாலை போட்டிருந்தார்கள். மார்கழியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வீடு கட்ட ஆகாத மாதங்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். அடுத்தவர் வீட்டைத் தடுத்ததை வாபஸ் வாங்கவும் ஆகாத மாதங்கள் உண்டு என்று அந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன். நடுவில் இதை ஆராய ஒரு துணைக் குழு போட்டார்கள். துணைக் குழுவில் இருந்தவர், அவசரப்பட்டால் அந்த அம்மா வீட்டையும் அளந்துவிடுவார்கள், அவர்கள் நல்லதுக்குத்தான் யோசிக்கிறோம் என்று என்னிடம் சொன்னார். நகரிலேயே பயப்படாமல் அளக்க விடக்கூடிய ஒரே வீடு அது. அவர் முகத்தில் காப்பியை ஊற்ற வேண்டும்போல இருந்தது. காப்பிக்குப் பொறுப்பு நான்தான் என்றாலும் ஊற்றவில்லை.

நானும் அக்காவுமாக ஒரு வாபஸ் மனு எழுதி அலுவலகத்துக்கு எடுத்துப் போனோம். சங்கத்தின் பெயரில் வந்த ஆட்சேபணையைச் சங்கத்தின் முத்திரையோடுதான் திரும்பப் பெற முடியும் என்றார்கள். முத்திரை அண்ணாச்சி வீட்டுப் பூஜை அறையில் இருக்கிறது, வடகிழக்கு மூலையில். அவர் வீட்டில் எப்போது போய்க் கேட்டாலும் பூஜை நடந்துகொண்டிருந்தது.

லாட்ஜ் மட்டும் யாரையும் கேட்காமல் வளர்ந்தது. மாசிக்குள் சுண்ணாம்பும் அடித்துவிட்டார்கள். எங்கள் அத்தனை பேர் மாடியிலிருந்தும் அருவி போயிற்று. அக்காவின் மொட்டை மாடியிலிருந்து மட்டும் தெரிந்தது. துவைத்த துணி காயப்போடப் போகும்போது பார்க்கிறேன், பார்த்து என்ன செய்ய என்றாள்.

ஒருநாள் காலை அவள் பஸ்ஸுக்குப் போகாமல் லாட்ஜுக்குள் போவதைப் பார்த்தேன். சண்டை போடத்தான் போகிறாளோ என்று நானும் பின்னாலேயே போனேன். அவள் பாயிடம் கேட்டது வேறு. கீழே ஓர் அறையை மாச வாடகைக்குத் தருவீர்களா என்று கேட்டாள். அவருக்கு முதலில் விளங்கவில்லை. எதிரே வீட்டை வைத்துக்கொண்டு எதற்கு என்றார். அவள் சொன்னாள். அவர் எங்களைக் கூட்டிப் போய் அறையைக் காட்டினார். வாசலில் படி இல்லை, சரிவு போட்டிருந்தது. கதவு அகலம். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பிகூட வைத்திருந்தது. இதெல்லாம் இருந்தால்தான் அனுமதி தருவோம் என்றார்கள், அதனால் வைத்தது என்று பாய் சொன்னார். எங்கள் நகரில் விதிப்படி கட்டிய கட்டடம் எது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தோம். சீசனில் அந்த அறை அவருக்கு இதைவிட நல்ல வருமானம் தரும். ஆனாலும் சரி என்றார்.

அக்கா வீட்டுக்காரரைக் காரில் கொண்டுவந்து இறக்கியபோது நான் போயிருந்தேன். சக்கர நாற்காலியில் உட்கார வைத்ததும் லாட்ஜ் பலகையைப் பார்த்தார். பூங்காவுக்கு அந்தப் பக்கம் தன் வீட்டைப் பார்த்தார். "இது நம்ம ஸ்டாப் இல்லையே" என்றார். அக்கா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கியிருக்கிறோம் என்றாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் லாட்ஜின் முன் மண்டபத்தில் உட்கார்ந்து, எதிரே தன் முருங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் அருவி இருக்கிறது. அதைப் பார்க்க அவர் நாற்காலியைத் திருப்பச் சொன்னதே இல்லை.

ஆனி பிறந்தது, சாரல் விழுந்தது, லாட்ஜ் நிறைந்தது. பாய் மேலே இன்னொரு மாடி எடுக்க விண்ணப்பித்தார். அண்ணாச்சிக்குப் பழைய சுறுசுறுப்பு வந்துவிட்டது. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக் கூட்டம். முன்பு பட்டது போதும் என்று இந்தத் தடவை மனுவில் தெளிவாக எழுதியிருந்தார்: மேற்படி பூங்காவுக்கு மேற்கே, அதாவது மலைப் பக்கமாக, மேற்படி லாட்ஜ் கட்டடம் விதிகளை மீறி இயங்குவதால் அதைப் பூட்டி முத்திரையிட வேண்டும். எல்லோரும் கையெழுத்துப் போட்டு, தாள் அக்காவிடம் வந்தது.

அக்கா கூட்டத்தில் பேசி நான் கேட்டதில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமலே பேசினாள்.

"அண்ணாச்சி, போன தடவ மேக்கன்னு போட்டிய, அது எங்க வீடு. இந்தத் தடவ மேக்கன்னு போட்டிருக்கிய, இது அவிய இருக்க ரூம். ரெண்டுலயும் நான் கையெழுத்துப் போட்டா, அவியள நான் எங்கன கொண்டு போய் வைக்க?"

கேட்டுவிட்டுப் பதிலுக்காக அவரையே பார்த்தாள். அவள் கோபமாகக் கேட்டிருந்தால் யாராவது பதிலுக்குக் கோபப்பட்டிருப்பார்கள். அவள் உண்மையாகவே இடம் கேட்டாள். அண்ணாச்சி பேனாவை மூடினார், திறந்தார். அத்தனை பேர் நடுவில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது.

அப்போது சாரல் இறங்கியது. வேப்பமரம் எத்தனை பேருக்குத் தாங்கும்? தாள் நனைந்துவிடாமல் அண்ணாச்சி அக்காவிடமிருந்து வாங்கிச் சட்டைக்குள் செருகினார். நாற்காலியை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் ஓடினோம். பூங்காவைச் சுற்றி எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றிலும் இழுத்துவிட்ட ஷெட்டும் பூட்டிய கேட்டும். திறந்து கிடந்தது லாட்ஜ் மண்டபம் ஒன்றுதான். சங்கம் மொத்தமும் அதில் போய் ஏறியது. காற்று அடித்து, வாசல் ஓரம் நின்றவர்கள் நனைந்துகொண்டிருந்தோம். அண்ணாச்சியின் பாதி உடம்பு மழையில் இருந்தது.

மண்டபத்தின் நடுவில் சக்கர நாற்காலியில் இருந்தவர், இடது கையால் சக்கரத்தைத் தள்ளித் தான் முதலில் நகர்ந்துகொண்டார். பிறகு அந்தப் பழைய தாழ்ந்த குரலில் சொன்னார். "கொஞ்சம் மேக்க தள்ளி நில்லுங்க. எல்லாருக்கும் எடம் இருக்கு."

எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே, மலைப் பக்கமாக நகர்ந்தோம். ஒருவர்கூட மாறி நகரவில்லை.